கோடு வளையும் அறை

கோடுகள் வளைந்திருந்தன.

பெரியக்கா கண்ணை மூடித் திறந்து மறுபடியும் குனிந்து பார்த்தாள். கறுப்பு வெல்வெட்டின் மேல் தாய்க் கண்ணாடி கிடந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், மூன்று விரல் கனம். அதன்மேல் நேற்று மெருகு முடிந்த புதுக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே இழை மாதிரி காற்று அடைபட்டிருக்க, மஞ்சள் விளக்கின் வெளிச்சம் மேல் கண்ணாடியின் அடிப்பரப்பிலும் கீழ்க் கண்ணாடியின் மேற்பரப்பிலும் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று கலந்தது. ஒத்துப்போன இடத்தில் மஞ்சள். ஒத்துப்போகாத இடத்தில் கறுப்பு. மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி, உழுத வயல் போல இருபது கோடுகள். அவை நேராக ஓடினால் புதுக் கண்ணாடி தட்டை. ஒரு கோட்டின் இடைவெளி அளவுக்கு வளைந்தால், தலைமுடியை இருநூறாகப் பிளந்ததில் ஒரு பங்கு அளவுக்கு அங்கே மேடோ குழியோ இருக்கிறது. முப்பத்தொரு வருடமாக அவள் பார்த்துவரும் வேலை இதுதான்.

இன்று இடது ஓரத்தில் வளைந்திருந்தன. யாரோ அங்கே கை வைத்து எடுத்தது போல.

கண்ணாடிக்குச் சூடு ஆகாது. உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்தாலே அந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் வீங்கும், கோடுகள் நெளியும், அடங்க அரைமணி ஆகும். அதனால்தான் இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவின் ஓரமெல்லாம் கம்பளித் துணி அடித்திருக்கிறது. உள்ளே வருகிறவர் கையுறை போட்டுக் கண்ணாடியை வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த பிறகே பார்க்கத் தொடங்க வேண்டும். பெரியக்கா மேசைக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் தொட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது.

இடது பக்கம் சுவர்தான் இருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. ஒரு வருடமாக எதுவும் வருவதில்லை. மெல்ல எழுந்து விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு கண்ணாடிகளையும் முற்றத்து மேசையில் வைக்க எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் அவளுடைய செருப்பு வலது ஓரமாகத் தள்ளிக் கிடந்தது. அவள் கதவுக்கு நேர் நடுவில்தான் கழற்றுவாள், எல்லோருக்கும் தெரியும். இப்போது பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் விட்டது போல ஒதுங்கியிருந்தது.

இந்தப் பட்டறையில் செருப்புக்குத் தனி மரியாதை உண்டு. சோதனை அறை வாசலில் செருப்பு கிடந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது, தட்டக் கூடாது, கூப்பிடக்கூடக் கூடாது. கதவு திறந்தால் வெளிக்காற்று புகுந்து அத்தனை நேரக் காத்திருப்பும் வீணாகும். அப்பா வைத்த சட்டம் அது. அப்பா வைத்த இன்னொரு சட்டம், தூசி உதிரும் மேல்சட்டையை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு உள்ளே போவது. தாய்க் கண்ணாடியைத் தன் கையால் ஆறு மாதம் தேய்த்து, அதன் விளிம்பில் குடும்பப் பெயரைப் பொறித்ததும் அவர்தான். அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறிய ஒவ்வொரு கண்ணாடியும் அதன்மேல் வைத்து, கோடு நேராக இருந்தால்தான் முத்திரை வாங்கும். அவர் போன பிறகு அந்த முத்திரை பெரியக்காவின் கையில் இருக்கிறது. கல்யாணம், குழந்தை, ஊர் சுற்றல் எதையும் அவள் அதற்கு மேலாக நினைத்ததில்லை.

முற்றத்தில் மெருகுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் டம்ளரை மறைத்தார்.

"குடிங்க, குடிங்க. என் செருப்ப யாரு நகர்த்துனது?"

"உங்க செருப்பையா? நல்லா கேட்டீங்க பெரியக்கா. நீங்க உள்ள இருக்கறப்போ இந்தப் பக்கம் தூசிகூட உத்தரவு வாங்கிட்டுத்தான் பறக்குது."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் ஒரு டம்ளர் வந்தது. வாங்கிக்கொண்டாள். ஆவி பறந்தது. தம்பி மனைவி ஓடிவந்து அதைப் பிடுங்கினாள்.

"அக்கா! கை செவந்து போச்சு பாருங்க. சுடலையா?"

பெரியக்கா தன் விரல்களைப் பார்த்தாள். சிவந்துதான் இருந்தன. சுட்டதாகத் தெரியவில்லை. போன வருடத்திலிருந்து விரல்நுனியில் மரப்பு. இப்போது மணிக்கட்டுவரை ஏறியிருக்கிறது. நரம்புக் கோளாறு என்று மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அவள் அதைச் சாப்பிடுவதில்லை.

"ரெண்டு மணிக்கு ஆய்வாளர் வந்துடுவாரு. மூணு கண்ணாடி சோதனை எழுதித் தரணும். துடைச்சு வை."

"ரெண்டுதானே அக்கா இருக்கு. மூணாவது?"

"அது ஒடஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கேன்ல."

தம்பி மனைவி கண்ணாடி துடைக்கும் எரிசாராயத்தில் பஞ்சை நனைத்துக்கொண்டே இருந்தாள். தலை நிமிராமல் பேசினாள்.

"உங்க தம்பி சொல்லுவாரு. ரெண்டு கண்ணாடி ஒண்ணுக்கொண்ணு பொருந்துச்சுன்னா ரெண்டும் தட்டைன்னு அர்த்தமில்ல. ஒண்ணு குழியா, ஒண்ணு மேடா இருந்தாலும் பொருந்தும். மூணாவது வந்தாத்தான் எது பொய்னு தெரியும்னு."

"படிச்ச திமிர்ல என்னென்னமோ சொன்னான்."

"ஒண்ணு கேக்கட்டுமா அக்கா?"

பெரியக்கா அலுவலறைப் பக்கம் திரும்பினாள்.

"அவரு விரல் மூட்டெல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சு. நான்தானே கடைசியா குளிப்பாட்டுனேன். சோதனை அறைக் கதவு உள்ளேருந்து தள்ளுனா தெறக்கற கதவு. அத எதுக்கு அக்கா அவரு தட்டணும்?"

"இழுப்பு வந்து மூச்சு முட்டுறவனுக்குக் கதவு எந்தப் பக்கம்னு தெரியுமா? துடைக்கிற வேலையப் பாரு."

பஞ்சு கண்ணாடியில் வட்டமாகச் சுற்றியது. பெரியக்கா நிமிர்ந்த முதுகோடு அலுவலறைக்குள் போய் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சோதனை அறை. மேசை அலமாரியின் அடித்தட்டில், பழைய கம்பளியில் சுற்றியபடி, மூன்றாவது கண்ணாடி உடையாமல் இருந்தது.

தம்பிதான் அதைத் தேய்த்தான். யாருக்கும் சொல்லாமல், எட்டு மாதம். சின்ன வயதில் பட்டறை பெல்ட்டில் மாட்டி மோதிர விரலின் நுனி போனவன். அந்தக் குட்டை விரலோடு அவளைவிட நன்றாகத் தேய்த்தான். முடித்துவிட்டு அவளிடம் வந்தான். "அக்கா, தாய்க் கண்ணாடியில குழி இருக்கு. ஒன்றரைக் கோடு. முப்பது வருஷமா நாம அனுப்புனது எல்லாமே மேடு. வாங்குனவங்களுக்கு எழுதிடலாம்." அப்பா பெயரில் குழி என்று ஊருக்கெல்லாம் எழுதச் சொன்னான். அவள் முடியாதென்றாள். அப்படியானால் ஆய்வாளர் வரும் அன்று அவர் முன்னாலேயே மூன்றையும் வைத்துக் காட்டுகிறேன் என்றான். போன வருடம், ஆய்வாளர் வரும் அன்று காலையே உள்ளே போனான். வாசலில் செருப்பு. ஆணியில் சட்டை. சட்டைப் பையில் இன்ஹேலர்.

அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு, வேலை முடிந்து பூட்டுவதற்கு. அவள் அதைப் போட்டாள். ஆய்வாளர் திரும்பிப் போகும்வரை மட்டும். அவ்வளவுதான்.

ஆய்வாளர் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து, "என்ன அது?" என்றார். "தம்பி உள்ள இருக்கான். மேசைய நகர்த்துறான்" என்றாள். அவளுக்கு எதையும் எண்ணும் பழக்கம் உண்டு. ஒன்பது முறை. பிறகு இல்லை. பிற்பாடு எல்லோரிடமும், செருப்பு வெளியே கிடந்தது, அதனால் யாரும் திறக்கவில்லை என்று சொன்னாள். அது பொய்யும் இல்லை.

பன்னிரண்டரைக்கு அவள் துடைத்த கண்ணாடிகளோடு மறுபடியும் சோதனை அறைக்குள் போனாள். சோதனை செய்வதற்காக அல்ல. ஒரு மணி நேரம் செருப்பு வெளியே கிடந்தால் போதும், எல்லோரும் பார்ப்பார்கள். பிறகு வந்து ஏட்டில் மூன்று முறை 'நேர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்பா இன்னும் ஒரு வருடம் தலைநிமிர்ந்து நிற்பார்.

கதவை இழுத்துச் சாத்தினாள். முற்றத்து ஓசை அறுந்தது. விளக்கு சூடாகி முழு மஞ்சளுக்கு வந்தது. அந்த மஞ்சள் வேறு எந்த நிறத்தையும் விட்டுவைக்காது. சிவப்பு கறுக்கும், தோல் சாம்பலாகும். மேசை விளிம்பின் உலோகப் பட்டையில் தெரிந்த அவள் முகத்தில் உதடுகள் கறுப்பாயிருந்தன. இந்த அறையில் எல்லோருமே பிணம் மாதிரிதான் இருப்போம் என்று தம்பி கேலி செய்வான். சாராய வாசனையும் மெருகுச் சாந்தின் பிசுபிசுத்த மண்வாசனையும் இருந்தன. அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று, மெல்லிதாக, இனிப்பாக, இன்ஹேலரை வாயில் அழுத்திய பிறகு வருகிற மூச்சின் வாசனை. அவள் கவனித்தாள். கவனித்ததோடு சரி.

பழக்கத்தில் கையுறை போட்ட கை இரண்டு கண்ணாடிகளையும் அடுக்கிவிட்டது. உட்கார்ந்தாள். குனிந்து பார்த்தாள்.

நேர்க்கோடுகள். மஞ்சள், கறுப்பு, மஞ்சள், கறுப்பு. வெளிச்சமும் வெளிச்சமும் ஒத்துப்போகவில்லை என்றால் இருட்டுதான் மிஞ்சும் என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னார்.

இடது ஓரத்தில் ஒரு கோடு அசைந்தது.

முதலில் ஒரு மேடு. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. கோடுகள் விலகி, நெளிந்து, எதையோ சுற்றிக்கொண்டு ஓடின. சுண்டு விரல். ஒரு குட்டை. நடு விரல். ஆள்காட்டி. சற்றுத் தள்ளிக் கட்டைவிரல். பிறகு அகலமாக உள்ளங்கை. கண்ணாடியின் மேல் எதுவும் இல்லை. கோடுகளில் மட்டும் ஒரு கை, விரித்தபடி, மோதிர விரல் நுனி இல்லாமல்.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அது தரையில் கீச்சிட்டது. அதே நேரம் கதவில் டக்கென்று ஒரு சத்தம்.

கதவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. கறுப்புக் காகிதம் ஒட்டி மூடியது. அப்பா வேடிக்கை காட்டுவதற்காகப் போட்டது. அதற்கு எதிரே ஒரு சின்ன எஃகுக் குண்டை நூலில் தொங்கவிட்டிருந்தார். வெயில் நேரத்தில் காகிதத்தை நீக்கி விளக்கை அணைத்தால், கடைசிச் சுவரில் குண்டின் நிழல் விழும். அந்த வட்ட நிழலின் நட்டநடுவில், வெளிச்சம் போகவே முடியாத இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். வெளிச்சம் குண்டின் ஓரத்தைச் சுற்றி வளைந்து நிழலுக்குள் நுழைந்து நடுவில் ஒன்றுசேர்கிறது என்பார் அப்பா. ஆறு வயதுத் தம்பி அவள் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொள்வான். "அக்கா, நிழல் கண்ண முழிச்சிட்டிருக்கு."

காகிதம் உதிர்ந்து தரையில் கிடந்தது.

விளக்கு அணைந்தது.

கடைசிச் சுவரில் ஒரு வட்ட நிழல். நடுவில் புள்ளி. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குண்டு ஒன்றுதான் தொங்குகிறது. ஒன்றுதான். அவள் எண்ணினாள்.

இரண்டு நிழல்கள்.

பக்கம் பக்கமாக, ஒரே உயரத்தில். தம்பியின் உயரத்தில். இரண்டின் நடுவிலும் புள்ளி.

இரண்டு புள்ளிகளும் ஒன்றாக அணைந்தன. ஒன்றாகத் திறந்தன.

அவள் கதவை நோக்கி நடந்தாள். ஓடவில்லை, அவர்கள் குடும்பத்தில் யாரும் ஓடியதில்லை. கையை வைத்துத் தள்ளினாள். கதவு கொஞ்சம் நகர்ந்து எதிலோ இடித்து நின்றது.

தாழ்ப்பாள்.

வெளியே பேச்சு கேட்டது. துளை வழியாக, சன்னமாக, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல. ஆய்வாளர் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார்.

"பெரியக்கா இல்லையா?"

"உள்ள இருக்காங்க சார்." மெருகுக்காரர் குரல், தூரத்தில், முற்றத்திலிருந்து. "செருப்பு கெடக்கு பாருங்க. கெடந்தா நாங்க யாரும் கிட்டப் போக மாட்டோம்."

"ரெண்டு ஜோடி கெடக்கே."

டம்ளரைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது.

"ஆமா... கூட யாரோ இருக்காங்க போல."

"பரவாயில்ல. நான் சாப்பிட்டுட்டே காத்திருக்கேன்."

அவள் தட்டினாள். தன் கை கதவில் படுவது கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. மூன்று. நான்கு. வாய் திறந்து கூப்பிட நினைத்தாள். என்னவென்று கூப்பிடுவது? தாழ்ப்பாளை எடு என்றால், ஆள் உள்ளே இருக்கும்போதே தாழ்ப்பாள் போட முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஏழு. எட்டு.

"என்ன சத்தம் அது?" ஆய்வாளர்.

"ஒண்ணுமில்ல சார்." தம்பி மனைவி. அமைதியாக. "மேசைய நகர்த்துறாங்க."

ஒன்பது.

அவள் கையை இறக்கினாள்.

பின்னால் விளக்கு தானாக எரிந்தது. மஞ்சள். அவள் திரும்பி, நிமிர்ந்த முதுகோடு தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். வேறு போக இடமில்லை. கோடுகளில் அந்தக் கை இன்னும் விரிந்து கிடந்தது. ஆய்வாளர் வந்து பார்த்தால்? அழித்துவிட வேண்டும். தன் சூட்டை அதன்மேல் வைத்தால் கோடுகள் கலங்கிப்போகும். யார் கை என்று தெரியாது. முதல்முறையாக, முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக, இந்த அறைக்குள் கையுறையைக் கழற்றினாள். வெறும் உள்ளங்கையைக் கண்ணாடியின் வலது பாதியில் அழுத்தினாள். அறுபதுவரை எண்ணினாள். எடுத்தாள்.

அவள் கை இருந்த இடத்தில் கோடுகள் நேராக ஓடின.

ஒரு நெளிவு இல்லை. கல்லை வைத்து எடுத்தது போல.

மறுபடியும் வைத்தாள். நூறு. இருநூறு. விரல் இடுக்குகளில் கோடுகள் ஆடாமல் அசையாமல் நேராகப் போயின. அப்பா கண்டால் மெச்சியிருப்பார்.

இடது ஓரத்துக் கை நகர்ந்தது.

மெதுவாக. ஒரு கோடு. இன்னொரு கோடு. நேர்க்கோடுகளை வளைத்துக்கொண்டு, சூடாக, அவள் பக்கம்.

அவள் கையை எடுக்கப் பார்த்தாள். அது அவளுடைய கையாக இல்லை.

சுண்டு விரல் வந்தது. குட்டை விரல் வந்தது. அவளுடைய சாம்பல் நிற விரல்களின் இடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்தன, சின்ன வயதில் இருட்டில் நுழைந்தது போலவே. கோடுகள் அவள் கையைச் சுற்றி வளைந்து, வளைந்து, வளையமாக மூடிக்கொண்டு, இறுகின.